இருவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர்

டெனிஸ் ஆட்டம் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது தனியொருவரைத் தனியொருவர் எதிர்த்து நிற்கும் காட்சியே. பெடரர், நடால், ஜோகோவிச் என்னும் பெயர்களை எமது மாணவர்கள் பாடப்புத்தகத்துப் பெயர்களிலும் நன்கு அறிவர். எந்த ஆண்டில் எவர் எந்தக் கிண்ணத்தை வென்றார் என்று வினவினால் தட்டின்றி ஒப்புவிப்பர். ஆனால் அதே போட்டியில், அதே இரண்டு வாரங்களிலே, ஒதுக்குப்புறமான மைதானங்களில், பாதி நிறைந்த ஆசனங்களின் முன் இருவர் இருவராக நின்று ஆடுகின்றவர்களைப் பற்றிக் கேட்டாற் பலரும் விழிப்பர். இரட்டையர் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு ஆண்டுதோறும் உலகைச் சுற்றி வருகின்ற ஒரு கூட்டத்தார் உளர் என்பதே அநேகர்க்குப் புதிய செய்தியாயிருக்கும். அக்கூட்டத்தாருள் ஒருவரான குடகு நாட்டு ரோகன் போபண்ணாவின் வரலாற்றை இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம். 2003இல் தொழில்முறை ஆட்டத்திற் புகுந்து, 2025 நவம்பரில் ஓய்வு பெற்றவர் அவர். இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளிற் பெரும்பகுதி, பக்கத்தில் நிற்பதற்கு ஏற்ற ஓர் ஆளைத் தேடுவதிலேயே அவருக்குக் கழிந்தது எனலாம்.

ஆட்டத்தை அறியாத இல்லத்தார் பொருட்டுச் சில சொற்கள் சொல்லவேண்டும். டெனிஸ் மைதானத்தின் நீளம் 78 அடி. தனியாட்டத்திற்கு அதன் அகலம் 27 அடி. இருவர் இருவராக ஆடும்போது இரு ஓரங்களிலும் நாலரை அடி வீதம் கூட்டி 36 அடியாகக் கொள்வர். ஆள் இரட்டிக்கும்போது இடம் மூன்றிலொரு பங்கே கூடுகின்றது. ஆகவே ஓட்டம் குறையும். எண்ணிப் பார்க்கக் கிடைக்கும் நேரமும் கூடவே குறையும். நால்வரில் ஒருவரோ இருவரோ எப்பொழுதும் வலையருகே நிற்பராதலின், பந்து நிலத்தைத் தொடுமுன்னரே பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஒருவர் சேர்விஸ் கொடுக்க ஆயத்தமாகும் வேளையில், வலையருகே நிற்கும் துணைவர் தமது முதுகுப்புறத்தே கையை மறைத்து விரல்களாற் குறி காட்டுவதைத் தொலைக்காட்சியிற் சிலர் கண்டிருப்பீர்கள். பந்தை எப்பக்கம் போடுவது, தாம் குறுக்கே பாய்வதா அன்றி நின்ற இடத்தில் நிற்பதா என்பதெல்லாம் அக்குறியில் அடங்கும். குறி காட்டியவர் இடப்புறம் பாய, சேர்விஸ் கொடுத்தவரும் நினைவு தவறி இடப்புறமே ஓடினால், வலப்புறம் முழுவதும் வெறுமையாய்க் கிடக்கும். பேர்போன ஆட்டக்காரர் இருவர் சேர்ந்து தோற்பதும், நடுத்தரமானவர் இருவர் சேர்ந்து அவர்களை வெல்வதும் இதனாலேதான்.

கணக்கிலும் வேற்றுமை உண்டு. தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளில் 2006ஆம் ஆண்டு தொட்டு, இரட்டையர்க்கு மூன்றாவது செட் இல்லை. அதற்குப் பதிலாகப் பத்துப் புள்ளிகளுக்கு ஒரு டை-பிறேக் ஆடி முடித்துவிடுவர். நாற்பதுக்கு நாற்பது என்று வந்துவிட்டால் அடுத்த ஒரு புள்ளியே அந்த ஆட்டத்தைத் தீர்மானிக்கும். ஒன்றரை மணி நேரம் உழைத்ததை ஒரு பந்து அடித்துக்கொண்டு போய்விடலாம். நாற்பெரும் போட்டிகளின் ஆடவர் இரட்டையரில் மாத்திரம் மூன்றாவது செட் முழுமையாக ஆடப்படும்.

இனி வருவாய். 2024ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் போட்டியில் ஆடவர் ஒற்றையர் சம்பியனுக்கு அந்நாட்டு நாணயத்தில் 3,150,000 டொலர் வழங்கினர். இரட்டையரில் வென்ற இணைக்குக் கிடைத்தது 730,000 டொலர். அதை இருவரும் பகிர்ந்துகொள்ளத் தலைக்கு 365,000. அதே போட்டியில், ஒற்றையர் முதற்சுற்றிலேயே தோற்று மூட்டை கட்டியவர் ஒருவருக்கு 120,000 டொலர் கிடைத்தது. ஆறு ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று கிண்ணத்தைத் தூக்கிய இரட்டையர் வீரர், முதல் நாளே தோற்றுப்போன மூவருடைய கூலியைச் சேர்த்துப் பெற்றார் என்று கணக்குப் பார்க்கலாம். பயிற்சியாளருக்கும், உடல் பிடித்துவிடுபவருக்கும், விமானத்துக்கும், விடுதிக்கும் இதிலிருந்தே கொடுத்தாக வேண்டும். முதற்பத்தில் இருப்போர்க்கு இது நல்ல சீவியம். எண்பதாம் தொண்ணூறாம் இடங்களில் நிற்போர் நிலையை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

எனின், எதற்காக ஒருவர் இத்தொழிலைத் தேர்கின்றார்? பெரும்பாலோர் தேர்ந்து வந்தவர் அல்லர். தனியாட்டம் கைகொடாமையால் வந்து சேர்ந்தவர்கள். போபண்ணாவும் அவ்வாறே. 1980 மார்ச் 4ஆம் திகதி பிறந்த இவர் வளர்ந்தது கோப்பி விளையும் குடகு மலைநாட்டில். தந்தையார் கோப்பித் தோட்டக்காரர். பதினோராம் வயதிலேதான் டெனிஸ் மட்டையைக் கையிற் பிடித்தார். இக்காலத்து வீரர்கள் நாலைந்து வயதிலே தொடங்கிவிடுவதை நோக்க இது பிந்திய தொடக்கமே. ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் இடி விழுந்தாற்போன்ற சேர்விசும் வாய்த்திருந்தன. 2002இல் இந்தியாவுக்காக டேவிஸ் கிண்ணப் போட்டியில் இறங்கினார். ஆயினும் ஒற்றையர் தரவரிசையில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் 2007இல் கிடைத்த 213. நாற்பெரும் போட்டிகளில் ஒற்றையர் ஆட இடம் பெறுபவர் 128 பேர்; அவர்களுள் நேரே நுழைவோர் ஏறத்தாழ முதல் நூற்றுவர். இருநூற்றுப் பதின்மூன்றாம் இடத்தவர் வாயிலிலே நின்று தகுதிகாண் சுற்று ஆடவேண்டியவர். இரட்டையரிலோ 64 இணைகள் ஆடுகின்றன. அந்த வாயில் வழியே அவர் உள்ளே சென்றார்.

இரட்டையர் போட்டியில் இணை ஒன்றின் நுழைவு, இருவருடைய தரவரிசை எண்களையும் கூட்டிவரும் தொகையைப் பொறுத்தது. ஆகவே துணையைத் தேடும்போது ஆட்டத்தின் அழகை மட்டும் பார்த்தாற் போதாது, எண்ணையும் பார்க்கவேண்டும். சேர்விஸ் வலியவருக்கு எதிர்ச்சேர்விசைத் திருப்புவதில் வல்லவர் வேண்டும். கோபக்காரருக்குப் பொறுமைசாலி வேண்டும். மைதானத்தின் இடப்பாதியில் ஆடிப் பழகியவருக்கு வலப்பாதிக்காரர் வேண்டும். எமது ஊர்த் தரகர் சாதகக் குறிப்பைக் கட்டாகக் கட்டிக்கொண்டு அலைவது போன்ற வேலைதான்! பொருத்தம் பத்தும் பார்த்துச் சேர்ந்த பின்னரும், மூன்று மாதம் தோல்வியானால் ஒரு தொலைபேசிச் செய்தியோடு உறவு முடிந்துவிடும். அடுத்த வாரம் வலைக்கு அப்புறத்தில் அதே மனிதர் வேறொருவரோடு நிற்பார்.

போபண்ணாவின் பெயரை முதலில் உலகறியச் செய்த துணைவர் பாக்கிஸ்தானியரான ஐசாம்-உல்-ஹக் குரேஷி. லாகூரிற் பிறந்தவர். பிறந்த திகதியோ 1980 மார்ச் 17. இருவருக்கும் இடையே பதின்மூன்று நாள் வேற்றுமைதான். ஒரே மாதத்திற் பிறந்த இவ்விருவரையும் பிரித்து நின்றது எல்லைக்கோடு. 2010இல் 'போரை நிறுத்தி டெனிசைத் தொடங்குவோம்' என்ற கருத்துடைய வாசகம் பொறித்த மேற்சட்டையை அணிந்து இருவரும் விம்பிள்டனில் இறங்கினர். வாகா எல்லையிலே வலையைக் கட்டி, ஆளுக்கொரு நாட்டு மண்ணில் நின்று ஓர் ஆட்டம் ஆடவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அவ்வாண்டு செப்டெம்பரில் நியூயோர்க் நகரில் நடந்த அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை இவ்விணை முன்னேறிற்று. ஐக்கிய நாடுகள் சபைக்கான இரு நாட்டுத் தூதுவர்களும் அருகருகே அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்தனர். எதிரே நின்றவர்கள் அமெரிக்கரான பிரையன் சகோதரர்கள். ஒரே சூலிற் பிறந்த இரட்டையர். இவர்களுக்குத் துணை தேடும் கவலை பிறக்கும்போதே தீர்ந்துவிட்டது! இரு செட்களும் டை-பிறேக் வரை சென்றன. இரண்டையும் சகோதரர்களே வென்றனர்.

அந்தத் தோல்வி ஆறுமுன் போபண்ணா சென்னைக்கு வந்து சேர்ந்தார். டேவிஸ் கிண்ணத்தில் இந்தியா பிரேசிலை எதிர்த்தது. முதல் நாளின் இரு ஒற்றையர் ஆட்டங்களிலும் இந்தியாவுக்குத் தோல்வி. அவற்றுள் ஒன்று போபண்ணா ஐந்து செட் ஆடிப் பெற்ற தோல்வி. பின்னர் பயஸ், பூபதி இணை இரட்டையரை வென்று ஒரு மூச்சுக் கொடுத்தது. சோம்தேவ் தேவ்வர்மன் கணக்கைச் சமமாக்கினார். இறுதி ஆட்டம் மீண்டும் போபண்ணாவின் தலையில் விழுந்தது. இரட்டையர் வீரர் என்று முத்திரை குத்தப்பட்டுவிட்ட அவர், பிரேசிலின் ரிக்கார்டோ மெல்லோவை நேர் செட்களில் வென்றார். தனியாட்டத்திலும் அவரிடம் சரக்கு இருந்தது என்பதற்கு நுங்கம்பாக்கம் அரங்கில் அன்றிருந்தோர் சாட்சி.

குரேஷியோடு 2011இல் பாரிஸ் மாஸ்டர்ஸ் கிண்ணம் கிடைத்தது. அடுத்த ஆண்டு இருவரும் பிரிந்தனர். ஒலிம்பிக் ஆண்டு அது. சொந்த நாட்டுத் துணைவரோடு ஆடிப் பழகுவது அவசியமாயிற்று. போபண்ணா மகேஷ் பூபதியோடு சேர்ந்தார். 2012 நவம்பரில் அதே பாரிஸ் போட்டியின் இறுதியாட்டத்தில் இவ்விணை வென்றது. தோற்ற இணையில் ஒருவர் யார் தெரியுமா? குரேஷியேதான். இத்தொழிலின் இயல்பை விளக்க இதனிலும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

லண்டன் ஒலிம்பிக் காலத்துப் பூசலை இங்கே விரிக்க நாம் விரும்பவில்லை. பூபதியும் பயசும் சேர்ந்து ஆடவேண்டும் என்று சங்கத்தார் கருத, பூபதி மறுக்க, போபண்ணாவும் பயசோடு சேர மறுக்க, முடிவில் இரண்டு இணைகள் அனுப்பப்பட்டன. இரண்டும் பதக்கமின்றித் திரும்பின. நான்கு ஆண்டுகள் கழித்து ரியோ நகரில் போபண்ணாவும் பயசும் ஓர் இணையாக நிறுத்தப்பட்டனர். முதற்சுற்றிலேயே போலந்து இணையிடம் தோற்றனர். 1999இல் பயசும் பூபதியும் பிரான்சிலும் விம்பிள்டனிலும் வென்றவர்கள். இருவருமே உலகின் முதலிடத்தைக் கண்டவர்கள். திறமைக்கு எவரிடத்தும் குறைவில்லை. கடிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டு இருவரை ஓரணியாக்கிவிடலாம் என்று எண்ணியதே பிழை என்பது எமது கருத்து. அதே ரியோவில் கலப்பு இரட்டையரில் சானியா மிர்சாவோடு தாமே விரும்பிச் சேர்ந்து ஆடிய போபண்ணா அரையிறுதி வரை சென்று நான்காம் இடத்தைப் பெற்றார்.

2017ஆம் ஆண்டு பாரிசில் முதன்முறையாக நாற்பெரும் போட்டி ஒன்றின் கிண்ணம் அவர் கைக்கு வந்தது. அது கலப்பு இரட்டையர். துணைவி கனடாவைச் சேர்ந்த கபிரியேலா தப்ரோவ்ஸ்கி. முதல் செட்டை 2–6 என்று இழந்து, அடுத்ததை 6–2 என்று மீட்டு, இறுதி டை-பிறேக்கில் தோல்வியின் விளிம்பிலிருந்து தப்பி 12–10 என வென்றனர். ஏழு மாதங்கள் கழித்து மெல்பேர்ணில் மற்றொரு கலப்பு இரட்டையர் இறுதியாட்டம். இம்முறை போபண்ணாவின் பக்கத்தில் ஹங்கேரியின் திமெயா பாபோஸ். எதிர்ப்பக்கத்தில் அதே தப்ரோவ்ஸ்கி, குரோஷியரான பாவிச்சோடு. டை-பிறேக் 11–9 என்று தப்ரோவ்ஸ்கியின் பக்கம் முடிந்தது.

ஆடவர் இரட்டையரிலோ கதை வேறாயிருந்தது. விம்பிள்டனில் 2013இலும் 2015இலும் அரையிறுதி. இரண்டு தடவையும் ஐந்து செட் ஆடித் தோல்வி. ஆண்டின் இறுதியில் எட்டு இணைகள் மாத்திரம் ஆடும் போட்டியில் 2012இலும் 2015இலும் இரண்டாம் இடம். மட்ரிட், மொன்டே கார்லோ என்று மாஸ்டர்ஸ் கிண்ணங்கள் வந்தன. நாற்பெரும் போட்டிகளின் ஆடவர் கிண்ணம் மட்டும் வரவில்லை. வயதும் நாற்பதை நெருங்கியது.

முழங்கால்கள் கெட்டன. எலும்பும் எலும்பும் உரசாதிருக்க இடையே மெத்தைபோல் அமைந்த குருத்தெலும்பு அவரது முழங்கால்களில் தேய்ந்தொழிந்தது. நாளுக்கு இரண்டு மூன்று வலிநிவாரணி மாத்திரைகளை விழுங்கி ஆடியதாக அவரே பின்னாளிற் கூறியுள்ளார். பெருந்தொற்றுக் காலத்தில் ஆட்டங்கள் நின்றபோது ஐயங்கார் முறை யோகாசனப் பயிற்சியைத் தொடங்கினார். கயிறும் கட்டையும் நாற்காலியும் துணையாகக் கொண்டு, ஓர் ஆசனத்தில் நெடுநேரம் நிலைத்திருக்கச் செய்வது அம்முறை. முழங்காலைச் சுற்றியுள்ள தசைகள் வலுப்பெற, மாத்திரைகளைக் கைவிட முடிந்தது. அற்புதம் ஏதும் நிகழ்ந்ததாக நாம் சொல்லவரவில்லை; தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்ந்துவிடவில்லை. தாங்கும் தசை தாங்கிற்று, அவ்வளவே. பாதி மைதானத்தைக் காத்தாற் போதும் என்ற இரட்டையர் ஆட்டத்தின் அமைப்பும் கைகொடுத்தது. தனியாட்டக்காரராயிருந்தால் இந்த முழங்கால்களோடு ஒரு மாதமும் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

உடல் ஒருவாறு தேறியும் வெற்றி வரவில்லை. 2021இன் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் தோல்வி. ஐந்து மாதங்கள் ஓர் ஆட்டமும் வெல்லாமற் கழிந்தன. இத்தோடு நிறுத்திவிடப் போகின்றேன் என்று மனைவிக்கு ஒரு காணொளிச் செய்தி அனுப்பினார். இதனை அவர் உலகறியச் சொன்னது மூன்றாண்டுகள் கழித்து, மெல்பேர்ணில் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி. 2021இல் அவருக்கு வயது 41. வீட்டிலே சிறு பெண்குழந்தை. ஊரிலே கோப்பித் தோட்டம். விட்டுவிட்டுப் போயிருந்தால் எவரும் குறை சொல்லியிரார். அவர் போகவில்லை. அடுத்த ஆண்டு ஒல்லாந்தரான மிடல்கூப்போடு சேர்ந்து பிரெஞ்சுப் போட்டியின் அரையிறுதியை எட்டினார்.

2023இன் தொடக்கத்தில் அவுஸ்திரேலியரான மத்தியூ எப்டன் துணைவராய் வந்தார். போபண்ணாவை விட ஏழு வயது இளையவர். முந்திய ஆண்டில் மக்ஸ் பேர்செலோடு விம்பிள்டன் இரட்டையர் கிண்ணத்தை வென்றவர். போபண்ணாவின் பலம் சேர்விஸ். எப்டனின் பலம் எதிராளியின் சேர்விசைத் தாழ்வாகத் திருப்புவதும் வலையருகே கை வேகமும். ஒருவருக்கு இல்லாதது மற்றவரிடம் இருந்தது. சேர்ந்த சில வாரங்களிலேயே, மார்ச் மாதம், கலிபோர்னியாவின் இந்தியன் வெல்ஸ் நகரில் கிண்ணம் வென்றனர். நாற்பத்து மூன்று வயதில் மாஸ்டர்ஸ் போட்டி ஒன்றை வென்ற முதல்வர் போபண்ணா. முன்னைய சாதனை கனடாவின் டானியல் நெஸ்டருக்கு உரியது. அவர் 2015இல் 42 வயதில் வென்றவர்.

அவ்வாண்டு செப்டெம்பரில் போபண்ணா பதின்மூன்று ஆண்டுகளின் பின் மீண்டும் நியூயோர்க் இறுதியாட்டத்தில் நின்றார். எதிரே ராஜீவ் ராமும் ஜோ சொலிஸ்பரியும். ஆட்டத்தின் நடுவே ஒரு புள்ளி போபண்ணா, எப்டன் இணைக்குச் சேர்ந்தது. பந்து போபண்ணாவின் கையை உரசிச் சென்றதை நடுவர் காணவில்லை; எதிராளிகளும் முறையிடவில்லை. போபண்ணா தாமே முன்வந்து, பந்து தம்மேல் பட்டது என்று கூறிப் புள்ளியை விட்டுக்கொடுத்தார். மூன்று செட்களில் தோல்வி. அந்த ஒரு புள்ளியாலே தோற்றார் என்று சொல்வது மிகை. ஆனால் இருபதாண்டுகளாய்க் காத்திருந்த கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கேட்பாரில்லாத புள்ளியைத் திருப்பிக் கொடுத்த அந்தக் கணத்தை மாணவ வாசகர்கள் ஒருமுறை மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கட்டும்.

2024 ஜனவரி 27. மெல்பேர்ணின் ரொட் லேவர் அரங்கு. நாற்பெரும் போட்டிகளின் ஆடவர் இரட்டையரில் போபண்ணா ஆடிய அறுபத்தோராவது போட்டி இது. அவற்றில் அவர் பக்கத்தில் நின்ற துணைவர்களில் எப்டன் பத்தொன்பதாமவர். எதிரே இத்தாலியரான பொலெல்லியும் வவசோரியும். முதல் செட் டை-பிறேக்குக்குச் சென்றது. அதில் இத்தாலியருக்கு ஒரு புள்ளியேனும் கிடைக்கவில்லை, 7–0. இரண்டாவது செட் 7–5. வயது 43 ஆண்டும் 329 நாளும். தொழில்முறையாளருக்கும் இடம் திறந்துவிடப்பட்ட 1968 தொட்டு, ஆடவர் பிரிவில் நாற்பெரும் போட்டி ஒன்றை இத்தனை வயதில் வென்றவர் வேறெவருமில்லை. (கலப்பு இரட்டையரையும் சேர்த்துப் பார்ப்பின், மார்ட்டினா நவரத்திலோவா அம்மையார் 2006இல் நியூயோர்க்கில் தமது 49ஆம் வயதில் வென்றுள்ளார். வயதைப் பற்றிப் பேசும் ஆடவர் அதை நினைவில் வைத்தல் நன்று.) இரு நாள் கழித்து வெளிவந்த தரவரிசையில் போபண்ணாவின் பெயர் உலகின் முதலிடத்தில் இருந்தது. அதுவரை, முதன்முறையாக அவ்விடத்தைப் பிடித்தவர்களுள் மூத்தவர் ராஜீவ் ராம். அப்போது அவருக்கு வயது 38. நாற்பத்து நாலாவது பிறந்த நாளும் கழிந்த பின், மார்ச் இறுதியில் மயாமிக் கிண்ணமும் வந்தது. அவ்வாண்டே இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

இவ்வளவையும் சொன்னபின் சிலர் கேட்கக்கூடும்: ஒற்றையர் வீரர்கள் இறங்கினால் இரட்டையர் வல்லுநர் நிற்பரோ? இக்கேள்வி வெறும் வாதமாக இல்லாமற் பணத்தோடும் பிழைப்போடும் சேர்ந்துவிட்டது. 2025இல் அமெரிக்கப் போட்டியை நடத்துவோர் கலப்பு இரட்டையரை மாற்றியமைத்தனர். பதினாறு இணைகள் மாத்திரம். பெரும்பாலும் ஒற்றையரிற் பெயர்பெற்றவர்கள். வெல்லும் இணைக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர். இரட்டையரையே நம்பி வாழ்வோர் பலர் வெளியே நிறுத்தப்பட்டனர். முந்திய ஆண்டின் சம்பியன்கள் என்பதால் இத்தாலியரான சாரா எர்ரானிக்கும் அந்திரேயா வவசோரிக்கும் இடம் கிடைத்தது. மெல்பேர்ணில் போபண்ணாவிடம் தோற்ற அதே வவசோரிதான். புகழ்பெற்றோர் எவராலும் இவர்களை நிறுத்த முடியவில்லை. இறுதியில் ஸ்வியாடெக்கையும் காஸ்பர் ரூடையும் வென்று கிண்ணத்தையும் பணத்தையும் கொண்டுபோயினர். அரங்கு நிரம்பியது என்பதையும் மறைக்கக்கூடாது. ஒற்றையர் நட்சத்திரங்களைக் காணவே மக்கள் திரண்டனர். மக்கள் காசு கொடுத்துப் பார்க்க விரும்புவதும் ஆட்டத்தில் உயர்ந்ததும் ஒன்றாகவே இருக்கவேண்டுமென்று விதியில்லை. நடத்துவோருக்கு வருவாய் வேண்டும். வல்லுநருக்குச் சோறு வேண்டும். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

எப்டனோடு இருந்த உறவும் 2024இன் இறுதியில் முடிந்தது. அதற்கு முன்னரே பாரிஸ் ஒலிம்பிக் வந்து போயிற்று. போபண்ணா கோயம்புத்தூர் வீரர் ஸ்ரீராம் பாலாஜியோடு ஆடி முதற்சுற்றிலே பிரெஞ்சு இணையிடம் தோற்றார். இந்தியாவின் சட்டையில் இதுவே தமது கடைசி ஆட்டம் என்று அறிவித்தார். எப்டனோ தம் நாட்டவரான ஜோன் பியர்சோடு சேர்ந்து அங்கே பொற்பதக்கம் வென்றார்.

2025இல் தரவரிசை இறங்கியது. துணைவர்கள் மாறினர். அவ்வாண்டின் பாரிஸ் மாஸ்டர்ஸ் போட்டிக்கு, கசக்ஸ்தானுக்காக ஆடும் ஒற்றையர் வீரர் அலெக்சாண்டர் பூப்லிக் போபண்ணாவின் பக்கத்தில் நின்றார். குரேஷியோடு ஒரு முறையும் குரேஷியை எதிர்த்து ஒரு முறையும் வென்ற போட்டி அது. முதற்சுற்றில் முதல் செட்டை 5–7 என்று இழந்து, இரண்டாவதை 6–2 என்று வென்று, டை-பிறேக்கில் 8–10 என்று தோற்றனர். வென்ற இணையில் ஒருவர் எப்டனின் ஒலிம்பிக் துணைவரான பியர்ஸ். சில நாள் கழித்து, நவம்பர் 1ஆம் திகதி, போபண்ணா ஓய்வை அறிவித்தார். அப்போது அவர் வென்றிருந்த ஆடவர் இரட்டையர் கிண்ணங்கள் 26.